மதிவாணன் கட்ட வேண்டிய அபராதம்

பத்தாயிரம் ரூபாய். கான்ட்ராக்டர் மதிவாணன் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய அபராதம் அவ்வளவுதான். கடலூர் கோர்ட்டில் ஜட்ஜம்மா அதைச் சொன்னபோது பாவாடைக்குச் சரியாகக் காதில் விழவில்லை. சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, சிந்தினதை வாரிப் போட்டே வயசு போன மனுசன். பெல்ட்டு இரைச்சல் ஒரு காதைத் தின்றுவிட்டது. பக்கத்தில் சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்த மகள் செந்தாமரைதான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அபராதம் போட்டுட்டாங்கப்பா.”

“எவ்ளோம்மா?”

“பத்தாயிரம்.”

பத்தாயிரந்தானா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு முழுங்கிக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. வேலைக்குப் போன ஷேர் ஆட்டோ வடக்குத்து ரோட்டில் கவிழ்ந்து, முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போனதற்கு அப்புறம் அவள் பல்லைக் காட்டிச் சிரித்ததே இல்லை. இப்போது சிரித்தாள்.

வெளியே வேப்பமரத்து நிழலில் வக்கீல் பிரபாவதி விவரம் சொன்னார். இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனுசி.

“மொத தடவைக்கு சட்டத்துல அதிகபட்சமே பத்தாயிரந்தாங்க. அத முழுசா போட்டிருக்காங்க. திரும்பவும் இதே தப்ப செஞ்சா அம்பதாயிரத்துல ஆரம்பிச்சு அஞ்சு லட்சம் வரைக்கும் போவும்.”

“அந்தப் பணம் பொண்ணு கைக்கு வருங்களா?” என்றார் பாவாடை.

“இல்லீங்க. அது அரசாங்கத்துக்குப் போற பணம்.”

“நமக்கு எதுக்குப்பா அந்தக் காசு?” என்று செந்தாமரை வெடுக்கென்று சொன்னாள். பிறகு வக்கீலைப் பார்த்துக் கேட்டாள். “எப்ப மேடம் கட்டுவாரு?”

“ஒரு மாசம் டைம் வாங்கியிருக்காங்க.”

“கட்டுற அன்னிக்கு நான் வந்து பாக்கலாமா?”

பிரபாவதி சிரித்துவிட்டார். “அதுல பாக்கறதுக்கு என்னாம்மா இருக்குது? கவுண்டர்ல பணத்த நீட்டுவாங்க, ரசீது வாங்குவாங்க, போயிடுவாங்க.”

“பாக்கணும் மேடம். அவரு கையால எண்ணிக் குடுக்கறத என் கண்ணால பாக்கணும். எனக்கு அது போதும்.”

திரும்பி வரும்போது குறிஞ்சிப்பாடி வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தாள். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், கார் வாசல் வரைக்கும் வருமா, தன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்றெல்லாம். பாவாடை உம் கொட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு வேற கவலை. அவருடைய கேட் பாஸும், மகன் கார்முகிலின் கேட் பாஸும் அந்த மாசக் கடைசியில் முடிகிறது. கான்ட்ராக்டர் பேர் எழுதிக் கொடுத்தால்தான் புதுப் பாஸ். பாஸ் இல்லாதவனுக்குச் சுரங்க கேட்டுக்கு உள்ளே நிழல்கூடப் போகாது. எழுதிக் கொடுக்க வேண்டிய கான்ட்ராக்டர் மதிவாணன்.

*

மதிவாணனுக்கு லேபர் கான்ட்ராக்டும் உண்டு, வடக்குத்தில் ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. தன்னிடம் வேலை செய்கிற ஆட்களுக்குப் பாதி வாடகை. அதையும் மொத்தமாகக் கேட்க மாட்டார், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார். அதனால் அவரிடம் இருக்கிற எல்லார் வீட்டு விசேஷமும் அந்த மண்டபத்தில்தான் நடக்கும். கார்முகிலுக்கு முத்தாண்டிக்குப்பத்தில் பெண் பேசி முடித்ததும் பாவாடையும் நேராக அங்கேதான் போனார்.

தேதி குறித்த கையோடு ஒரு விஷயம் கேட்டார்.

“சார், மணமேடைக்கு நெறைய படி இருக்குது. எம் பொண்ணு வண்டி ஏறணுங்களே.”

“எதுக்கு மேல ஏறணும்? முன்னால மொத வரிசையில ஜம்முனு ஒக்காந்து பாக்கட்டும்.”

“நாத்தனார் முடிச்சுங்க சார்.”

மதிவாணனுக்குப் புரிந்தது. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மிச்ச முடிச்சைப் பின்னால் நின்று கூடப்பிறந்தவள் போட வேண்டும். அந்தப் பெண் வீட்டுக்குள் வருவதற்கு இவளும் ஒரு கை கொடுத்தாள் என்று அர்த்தம். கார்முகிலுக்குக் கூடப்பிறந்தவள் செந்தாமரை ஒருத்திதான். தம்பி கல்யாணம் முடிவான நாளிலிருந்து வண்டியின் கைப்பிடியில் மஞ்சக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “அவுராத முடிச்சா போடப் போறன். அப்பறம் சண்ட போட்டுக்கினு எங்கிட்ட வராதடா” என்று தம்பியைக் கிண்டல் பண்ணுவாள்.

“அவ்ளோதானே?” என்றார் மதிவாணன். “இரும்பு பிளேட்டு ஒண்ணு கெடக்குது. படிமேல சாச்சிப் போட்டா வண்டி வழுக்கிக்கினு ஏறும். நான் சொல்லிட்டன்ல, மேனேஜரு போட்டு வெச்சிருப்பான். போ.”

பாவாடை கும்பிட்டுவிட்டு வந்தார். அதை ஒரு சீட்டில் எழுதி வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வடக்குத்தில் எந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தோன்றாது. ஷிப்டு வாய்வார்த்தை, ஓவர்டைம் வாய்வார்த்தை, சம்பளத்தில் பிடிப்பது வாய்வார்த்தை. சாரிடம் போய் எழுதிக் கொடுங்க என்றால் உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்ன மாதிரி.

கல்யாணத்தன்று காலையில் படிமேல் பிளேட்டைக் காணோம். சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. மேனேஜரைத் தேடினால், “சமையக்கட்டுப் பக்கம் கெடக்கும் பாருங்க” என்றான். பாவாடை பின்பக்கம் ஓடினார். பிளேட் அங்கேதான் இருந்தது. கேஸ் சிலிண்டரையும் தண்ணிக் கேனையும் உருட்டி இறக்குவதற்காகப் பின்வாசல் படியில் போட்டிருந்தார்கள். அதன்மேல் சாம்பார் அண்டாவைப் பாதி வழி இறக்கி, கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

“இத எடுக்கணும்பா. எம் பொண்ணு மேடைக்குப் போவணும்.”

“அண்டா நிக்கிறது கண்ணு தெரியலியா, பெரியவரே? இருங்க, எறக்கிட்டுத் தர்றன்” என்றார் சமையல்காரர். இறக்குவதற்கு ஆள் வேண்டும். ஆட்கள் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ஐயர் மந்திரத்தை முடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார். மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“என்னாத்துக்கு இம்மாங் கஷ்டம்? நாலு பசங்க வாங்கடா. வண்டியோட அலாக்கா தூக்குங்க.”

பசங்களும் ஆசையாகத்தான் வந்தார்கள். செந்தாமரை ரெண்டு கையையும் நீட்டித் தடுத்தாள்.

“வேணாம். தூக்காதீங்க. பிளேட்டு வரட்டும்.”

“அட, நாங்க கீழ போட்டுட மாட்டம்க்கா.”

“வேணாம்னு சொல்றன்ல.”

ஏன் வேணாம் என்பது அப்பாவுக்கும் அம்மா மாணிக்கம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். பட்டுப் புடவைக்குள்ளே மூத்திரப் பை இருந்தது. டியூப் இருந்தது. வண்டியைச் சாய்த்துத் தூக்கினால் புடவை விலகும், டியூப் இழுபடும், பை தெரியும். பெண் வீட்டு ஜனம், தெரு ஜனம், சுரங்கத்து ஜனம் என்று மண்டபம் நிறைய ஆள். வீடியோக்காரன் வேற விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அதை எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வாள்? தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடையிலிருந்து பெண்ணுடைய மாமா குரல் கொடுத்தார். “நல்ல நேரம் போவுதுங்க. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி மொறையில வேற பொண்ணே இல்லியா?”

பாவாடையின் தம்பி மகள் இசைப்பிரியா பக்கத்தில் தட்டோடு நின்றாள். யாரோ அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் செந்தாமரையைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிப் போய் நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது.

அந்த நேரத்தில் பாவாடை பின்கட்டில் சமையல்காரரோடு சேர்ந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். அவசரத்தில் சாம்பார் தளும்பி முழங்கையில் ஊற்றியது. துடைக்கவில்லை. பிளேட்டைத் தலைமேல் ஏற்றி, பின்னால் ஒருத்தன் பிடிக்க, “வழி வழி” என்று கத்திக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடிவந்தார். மேளம் நின்றிருந்தது. ஜனங்கள் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். செந்தாமரைக்கு முன்னால் வீடியோக்காரனின் முதுகு இருந்தது. அவள் கையில் அட்சதை அப்படியே இருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

“பிளேட்டு வந்துட்டுதும்மா” என்றார், மூச்சு வாங்க.

அவள் அவர் முழங்கையைப் பார்த்தாள்.

“கொண்டுபோயி குடுத்துடுப்பா. சமையக்காரருக்கு வேணும்.”

*

புகாரை அவளேதான் எழுதினாள். மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஜனங்கள் வந்துபோகிற இடத்தில் எல்லாரும் ஏறுகிற மாதிரி வழி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம் என்று போனில் படித்துத் தெரிந்துகொண்டாள். கார்முகில் அப்போதே குதித்தான்.

“அக்கா, உனுக்கு நடந்தது எனக்கு வலிக்கலன்னு நெனைக்கிறியா? ஆனா அவரு நம்ம கான்ட்ராக்டருக்கா. வேற யார் மேலயாவது போட்டா பரவால்ல.”

“வேற யாரு மண்டபத்துலடா உனுக்குக் கல்யாணம் நடந்துது?”

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பாவாடை ஒரு பக்கமும் பேசவில்லை. ஆனால் சாட்சிக்குக் கூப்பிட்டபோது போனார். மதிவாணனின் வக்கீல் அவரை மடக்கப் பார்த்தார். சாய்தளத்துக்கு இரும்பு பிளேட் மண்டபத்தில் இருந்ததா இல்லையா, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்க என்றார்.

“இருந்துதுங்க” என்றார் பாவாடை. “சாம்பார் அண்டாவுக்கு இருந்துது. எம் பொண்ணுக்கு இல்லீங்க.”

கோர்ட்டில் நாலு பேர் சிரித்தார்கள். ஜட்ஜம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த மதிவாணன் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. கடனை மனசில் எழுதிக்கொள்கிறவர் மாதிரி பார்த்தார்.

அபராதம் போட்டு ரெண்டு வாரத்தில் பாஸ் முடிந்தது. கேட்டில் செக்யூரிட்டி பாவாடையின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். “லிஸ்ட்டுல உங்க பேரு வரல பெரியவரே. உங்க கான்ட்ராக்டரக் கேளுங்க.” கார்முகிலுக்கும் அதே கதை. ஆபீசுக்குப் போனால் இன்னைக்கு இல்லை, நாளைக்கு வா. நாளைக்குப் போனால் சார் சென்னைக்குப் போயிருக்கார். வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அடுப்புதான் மெல்ல மெல்ல அணைந்தது. கார்முகிலின் பைக்குக்கு டியூ கட்ட முடியவில்லை. மருமகள் தமிழ்நிலா முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். வந்த புதுசில் மருதாணி போட்டிருந்த கை முந்திரிப்பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்தது. செந்தாமரை தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டாள்.

“எல்லாம் உன்னாலதான்டி” என்று ஒருநாள் மாணிக்கம்மாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். “அந்தாளு...” என்று செந்தாமரை ஆரம்பித்ததும் அங்கேயிருந்தே அதட்டினாள். “அவருன்னு சொல்லு. யாரு காதுலயாவது விழுந்தா அதையும் அவருகிட்ட போயி சொல்லிடுவாங்க.”

கடைசியில் மதிவாணனே கூப்பிட்டு அனுப்பினார். மண்டபத்துக்குப் பின்னால்தான் ஆபீஸ். அப்பாவும் மகனும் போய் நின்றார்கள். மேடைக்குப் போகிற படி அப்படியேதான் இருந்தது. கம்பளம் மட்டும் புதுசு.

“வா பாவாட. என்னா, எளைச்சிப் போயிட்ட?”

“வேல இல்லீங்களே சார்.”

“வேல இருக்குது. எப்பவும் இருக்குது.” மேசை டிராயரைத் திறந்து மூடினார். “இந்தப் பத்தாயிரம் எனக்கு ஒரு பணமாய்யா? ஒருநாள் மண்டபத்துக் கரெண்டு பில்லு. கோர்ட்டுலயே வீசிட்டு வந்திருப்பன். ஆனா நான் கட்டுனா என்னா அர்த்தம்? எங்கிட்ட வேல செய்யற அத்தன பேரும் வாயப் பொளந்து பாத்துக்கினு இருக்கான். இன்னைக்கு வண்டி ஏறலன்னு உம் பொண்ணு. நாளைக்கு பி.எஃப் கட்டலன்னு ஒருத்தன். அப்பறம் நான் என்னா கான்ட்ராக்டு எடுக்கறது?”

“தப்புதாங்க சார்” என்றான் கார்முகில். கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“தப்புன்னா சரி பண்ணு. நீங்க போயி கட்டுங்க. உங்க காசு, உங்க கை. எம் பேருல ரசீது வாங்கியாங்க. ரசீது மேசைக்கு வந்த மறுநாளு பாஸ் வரும். ரெண்டு பேருக்கும்.”

பாவாடைதான் பேசினார்.

“கட்டிடறங்க சார். எங்காசுதான். அதுல பேச்சில்ல. ஒண்ணே ஒண்ணு.”

“சொல்லு.”

“நீங்க ஒரு நட கோர்ட்டுக்கு வந்துடுங்க. பணத்த நான் முன்னாடியே உங்க கையில குடுத்துடறன். கவுண்டர்ல மட்டும் நீங்க நீட்டுங்க. எம் பொண்ணு ஓரமா இருந்து பாத்துட்டு வந்துடும். ஒரு வார்த்த பேசாது. அதுக்கு அவ்ளோதாங்க வேணும்.”

மதிவாணன் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரித்தார். வாய்விட்டு, நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“யோவ். எனக்கே வேஷம் கட்டி ஆடச் சொல்றியா? அதுவும் உம் பொண்ணு பாக்கறதுக்கு?”

“பாவங்க சார் அது.”

“கடைசித் தேதி வெள்ளிக்கெழம. வக்கீல் குமாஸ்தா அங்க இருப்பான். போ.”

வெளியே வந்து பைக்கை உதைக்கும்போது கார்முகில் மூக்கைச் சிந்தினான். “நீ ஏம்ப்பா அதக் கேட்ட? இருக்கற மானத்தையும் குடுத்துட்டு வந்தமே.” பாவாடை பின்னால் ஏறி உட்கார்ந்தார். கேட்காமல் இருந்திருந்தால்தான் தன்னால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பணத்துக்குத் தமிழ்நிலாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அவள் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு முந்திரி உடைக்கப் போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை தேதி செந்தாமரைக்கு மனப்பாடம். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு அவளே கேட்டு வைத்திருந்தாள். விடிந்ததும் தலை சீவி, பவுடர் போட்டு, வண்டியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எதுக்கும்மா அம்மாந்தூரம்? நாங்க பாத்துட்டு வந்து சொல்றம்” என்றார் பாவாடை.

“நீ சொல்றத பாக்கறதுக்கா நான் கேசு போட்டன்?”

“ஆட்டோவுக்குக் காசு...”

“என் மாச உதவிப்பணம் வந்திருக்குது. அதுல குடுக்கறன்.”

தடுக்கத் தெரியவில்லை. தெரு ஆட்டோவில் வண்டியை மடக்கிப் பின்னால் கட்டி, அவளைத் தூக்கி வைத்தார்கள். அப்பா தூக்கினால் அவளுக்கு ஒன்றுமில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரமாக, நல்ல காதுப் பக்கமாகச் சொன்னாள். “நீ சாப்பிட்டியாப்பா?”

வழியெல்லாம் கார்முகில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். செந்தாமரை அவனைச் சீண்டிக்கொண்டே வந்தாள்.

“என்னாடா, மொதலாளி பணம் கட்டப் போறாருன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வர? உன் சம்பளத்துலயா புடிக்கப் போறாரு?”

“சும்மா வாக்கா.”

“கட்டிட்டாருன்னா கோவம் போயிடும்டா. பாஸும் வந்துடும். பெரிய மனுசங்க கோவம் பணத்தக் கட்டுற வரைக்கும்தான்.”

பாவாடை கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தார்.

கோர்ட்டு வளாகத்தில் பணம் கட்டுகிற இடம் பின்னால் வேற கட்டடம். ஆட்டோவை வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, அவளை இறக்கிச் சக்கர வண்டியில் உட்காரவைத்துவிட்டு, பாவாடை ஒரு பொய் சொன்னார்.

“இங்கியே இரும்மா. அந்தக் கட்டடத்துல படி ஜாஸ்தி. அவரு வெளியில வரும்போது இந்தப் பக்கமாத்தான் வருவாரு. பாத்துக்கலாம்.”

“உள்ள குடுக்கறதத்தான்ப்பா பாக்கணும்.”

“படிம்மா” என்றார். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை மாதிரி அதைச் சொன்னார். அவள் அடங்கிவிட்டாள். அப்படி அடங்கினதைப் பார்க்க முடியாமல் வேகமாக நடந்துவிட்டார்.

கட்டடத்தின் முன்வாசலில் நிஜமாகவே படி இருந்தது. பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பியோடு ஒரு சரிவுப் பாதையும் இருந்தது. பாவாடை அதைப் பார்க்கவில்லை. உள்ளே குமாஸ்தா கையில் காகிதத்தோடு காத்திருந்தான். “மதிவாணன் சார் ஆளுங்கதானே? வாங்க வாங்க, பத்து பேரு நிக்கறாங்க.”

வரிசை நகர்ந்தது. கார்முகில் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கவுண்டர் பலகைமேல் வைத்து எண்ண ஆரம்பித்தான். பாவாடை பக்கத்தில் நின்றார். செவிட்டுக் காது வாசல் பக்கம் இருந்தது. அதனால் அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. மகன் கை நின்றதைத்தான் பார்த்தார். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத் திரும்பினார்.

செந்தாமரை வண்டியில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். பின்னால் ஆட்டோ டிரைவர் சிரித்துக்கொண்டு நின்றான்.

“பக்கத்துல நல்லா சறுக்கு இருக்குது பெரியவரே, நீங்க பாக்கல. தானாவே தள்ளிக்கினு ஏறிட்டுதுங்க. நான் சும்மா கூட வந்தன்” என்றான்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஏறி வந்த சந்தோஷம் முகத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. கவுண்டரைப் பார்த்தாள். வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிறகு தம்பி கையைப் பார்த்தாள்.

“அவரு வரலியாப்பா?”

“அவரு எதுக்கும்மா வரணும்?” என்றான் குமாஸ்தா. ஒன்றும் தெரியாதவன், நல்லபடியாகத்தான் சொன்னான். “அதான் ஆள் அனுப்பியிருக்காருல்ல.”

“பணம்?”

கார்முகில் பலகைமேல் ரெண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பையன், அத்தனை பேர் நடுவில், சத்தம் வராமல் அழுதான். செந்தாமரை அவனையே பார்த்தாள். தமிழ்நிலாவின் காதில் குச்சி ஏறினது அவளுக்குத் தெரியும். காது புண்ணாகியிருக்கிறது, அதனால் கழற்றியிருக்கிறாள் என்று மாணிக்கம்மாள் சொல்லியிருந்தாள். செந்தாமரை முகத்திலிருந்த வெளிச்சம் ஒரேயடியாகப் போகவில்லை. அது போகப் போக பாவாடை பார்த்துக்கொண்டே நின்றார்.

“அடுத்து நிக்கறவங்க இருக்காங்கப்பா” என்றார் கவுண்டருக்கு உள்ளேயிருந்தவர். “பணத்தக் குடுக்கறியா, இல்லியா?”

செந்தாமரை சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கவுண்டர் பக்கம் வந்தாள். எட்டித் தம்பி முதுகில் கையை வைத்தாள்.

“எண்ணுடா” என்றாள். “கொறஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அக்கா...”

“எண்ணு. நீ எண்ணறத பாத்துக்கறன்.”

அவன் எண்ணினான். ரெண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை அவள் வாங்கி, மடிமேல் வைத்து, அவளே எண்ணி அடுக்கி, பலகைக்குமேல் நீட்டினாள். பலகை உயரம். உள்ளேயிருந்தவர் எழுந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“கட்டினவர் கையெழுத்துப் போடணும். யாரு போடறது?”

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாவாடை பேனாவை வாங்கினார். அவருக்கு எழுத்து வந்ததே நாற்பதைத் தாண்டித்தான், மகள் படுத்த படுக்கையாக இருந்தபோது அவள் சொல்லிக் கொடுத்து. ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். கோடு கோணிக்கொண்டு போனது. பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். செந்தாமரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்திரை விழுந்தது. குமாஸ்தா ரசீதைப் பிடுங்கிப் பெயரைச் சரிபார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “இத நானே சார்கிட்ட குடுத்துடறன்” என்றான்.

“அப்ப எங்களுக்கு?” என்று பாஸை மனசில் வைத்துக் கேட்டார் பாவாடை.

“உங்களுக்கு என்னா?” கவுண்டருக்குள் இருந்தவர் ஏட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு நிமிர்ந்தார். “முடிஞ்சிது. இனிமே மதிவாணன் பேர்ல ஒரு பாக்கியும் கெடையாது. நகருங்க.”